ஆம்பூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் பொங்கல் வரிசை: ஜவ்வாது மலையில் ஒரு ராத்திரி தங்கிப் போகலாமா?

பாலாற்றங்கரை
04-01-2026, இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாப் படிச்சு வழி சொல்லுங்க.

நான் ஆம்பூர். என் கூட்டாளி கத்தார்ல வேலை பார்க்கிறான். 2021 மே மாசம் அவங்கப்பா தவறினப்போ விமானம் கிடைக்காம அவனால வர முடியல. அதுக்கப்புறம் ரெண்டு தடவை ஊருக்கு வந்தான், ரெண்டும் ஆனி, ஆடி மாசம். பொங்கலுக்கு வந்திருக்கிறது இதுதான் முதல் தடவை. அவன் அக்காவைத் திருவண்ணாமலையில கொடுத்திருக்கு. அப்பா இருந்த வரைக்கும் வருஷா வருஷம் வரிசை அவர்தான் கொண்டுபோவார். அவருக்குப் பிறகு அம்மா பணமாப் போட்டு விட்டுட்டு இருந்தாங்க. இந்த வருஷம் கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், புதுப் பானை, புடவை எல்லாம் நானே எடுத்துட்டுப் போறேன்னு நிக்கிறான். கூட நானும் போறேன்.

அப்பா புளி வியாபாரம் பண்ணவர். மார்கழிக் கடைசியில ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறி, ஒரு வீட்டில ராத்திரி தங்கி, புளிய மரம் பார்த்து அச்சாரம் கொடுத்துட்டு, மறுநாள் போளூர் பக்கம் இறங்கித் திருவண்ணாமலை போவார். பஸ் மேல கரும்புக் கட்டு. வரிசைக்குப் போன மாதிரியும் ஆச்சு, மாசி பங்குனியில இறங்குற புளிக்குப் பேசி வெச்ச மாதிரியும் ஆச்சு. என் கூட்டாளி சின்ன வயசில ஒரே ஒரு தடவை அவர்கூடப் போயிருக்கான். ஊர்ப் பேர் தெரியும். வீடு தெரியாது. வீட்டுக்காரங்க பேர்ல பாதி ஞாபகம் இருக்கு.

வர்ற சனிக்கிழமை, 10ஆம் தேதி கிளம்புறோம். வண்டி எங்கண்ணனோட பழைய மாருதி ஆம்னி வேன். மலையில ராத்திரி குளிரும் பனியும் எப்படி இருக்கும்? அந்த வீடு கிடைக்கலைன்னா எங்க தங்கலாம்? லோடோட ஆம்னி போளூர் பக்க இறக்கத்தைத் தாங்குமா?


நாற்கரச்சாலை
04-01-2026, இரவு 10.05

மனசில பட்டதைச் சொல்றேன் தம்பி, வருத்தப்படாதே. பொங்கல் வாரம், மார்கழிப் பனி, பழைய வண்டி, பழக்கமில்லாத மலை. எதுக்கு இவ்ளோ சிரமம்? வாணியம்பாடி, திருப்பத்தூர், செங்கம் வழியாப் போனா மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டில இருக்கலாம். இல்லாட்டி வேலூர் போய் கண்ணமங்கலம், போளூர். ரெண்டும் நல்ல ரோடு. வரிசை நேரத்துக்குப் போய்ச் சேர்றதுதான் முக்கியம். மலையைப் பார்க்கணும்னா மாசியில தனியாப் போங்க. இருபது வருஷம் வண்டி ஓட்டினவன் சொல்றேன், பொண்ணு வீட்டில வாசலைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு பஞ்சர் ஆகி லேட் ஆனாலும் அந்தப் பொண்ணுக்குத்தான் மனசு கஷ்டப்படும்.


ஆலங்காயத்துக்காரன்
05-01-2026, காலை 7.20

நாற்கரச்சாலை அண்ணன் சொல்றதும் நியாயம்தான். ஆனா பாலாற்றங்கரை கேக்கிறது வேற. அவங்கப்பா போன வழியில போகணும்னு கேக்கிறாரு. அந்த வழியைச் சொல்றேன்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் ஏறக்குறைய 18 கி.மீ. அங்க பெட்ரோல் போட்டுக்கங்க, டயர்ல காத்து பாத்துக்கங்க. மேல போனா பங்க்கைத் தேடினு இருக்க வேண்டியதாயிடும். ஆலங்காயம் தாண்டினா காடு, ஏத்தம், காவலூர். அதுக்கு மேல ஜமுனாமரத்தூர். நடுவுல பல இடத்தில சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சுக்கங்க. வனத்துறைச் சோதனைச் சாவடியில நிறுத்திக் கேட்டா பதில் சொல்லிட்டுப் போங்க. சந்தனக்கட்டைக் கடத்தல் காலத்திலிருந்தே இங்க அப்படித்தான்.

நேரம்தான் ரொம்ப முக்கியம். அஞ்சரைக்குள்ள தங்குற இடத்துக்குப் போயிடணும். மார்கழியில ஆறு மணிக்கே மலை இருட்டிடும். காட்டெருமை குறுக்க வரும், கரடியும் இருக்கு. விடியக்காலைப் பனி எட்டரை வரைக்கும் விலகாது. அதனால ராத்திரியும் ஓட்டாதீங்க, விடிஞ்சதும் கிளம்பாதீங்க. தங்கித்தான் போகணும்னு சொல்றது இதுக்குத்தான்.


மெக்கானிக் பாய்
05-01-2026, பகல் 1.48

ஆம்னிக்கு மலை புதுசு இல்ல. எத்தனையோ வண்டி அங்க காய்கறி ஏத்தி இறக்குது. கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக் ஆயில் பாருங்க, பின் சக்கரத்து பிரேக் ஷூ தேய்மானம் பாருங்க, ரேடியேட்டர் ஹோஸைக் கையால அமுக்கிப் பாருங்க. மொறமொறன்னு விறைச்சிருந்தா மாத்திடுங்க. இன்ஜின் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு, இந்தக் குளிருக்கு அதுவே கணப்பு. ஆனா ஏத்தத்தில சூட்டு முள் மேல போச்சுன்னா ஓரம் கட்டிடணும்.

எந்த கியர்ல ஏறுறீங்களோ அந்த கியர்லயே இறங்குங்க. போளூர் இறக்கத்தில ரெண்டாவது கியர். பிரேக்கை மிதிச்சுக்கினே போனா லைனிங் தீயிற வாசனை வரும். வந்துடுச்சுன்னா நிறுத்தி ஆற விடுங்க, மேல தண்ணி ஊத்தாதீங்க. வளைவுல ஹாரன் அடிங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க.

கண்ணாடி உள்பக்கம் மூச்சுக்காத்துல மங்கும். ஏசி இல்லாத வண்டின்னா ரெண்டு பக்கமும் ஜன்னலை ரெண்டு விரல் அளவுக்குத் திறந்து வெச்சாலே சரியாயிடும். துளி ஷாம்பு தொட்டு உள்பக்கம் தேய்ச்சு, காய்ஞ்ச துணியால மெருகேத்தினா மங்கல் நெருங்காது. பனிக்குள்ள ஹைபீம் போடாதீங்க, வெள்ளைச் சுவர் மாதிரி திருப்பி அடிக்கும்.

இன்னொண்ணு. உங்க கூட்டாளிய மலையில ஓட்ட விடாதீங்க. கத்தார்ல வலது பக்கம் ஓட்டுவாங்க. நேர் ரோட்டில நம்ம பக்கம் ஞாபகம் இருக்கும், கொண்டை ஊசி வளைவுல திடீர்னு எதிர்ல ஒரு லைட் வந்தா கை தன்னால பழைய பக்கம் இழுத்துடும். சவூதியிலிருந்து வந்த என் மச்சானுக்கு ஏலகிரி ஏறும்போது இப்படி ஆச்சு. அல்லா காப்பாத்தினான்.


சாமைக்கஞ்சி
05-01-2026, இரவு 8.30

நான் இந்த மலையில பிறந்தவள். கீழ ஒரு பள்ளியில டீச்சர். இந்த இழையைப் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

குளிர்காலம் வந்தா எங்க மலைக்கு வண்டி வண்டியா வர்றாங்க. பாதிப் பேர் எங்க ஊரை வழியில இருக்கிற ஒரு வளைவாத்தான் பார்க்கிறாங்க. பீமன் மடவு அருவியில ஒரு செல்ஃபி, ஏரியில ஒரு படகு, ரோட்டோரம் பாட்டில். அந்தக் கண்ணாடிச் சில்லு ஆட்டுக்காரப் பசங்க காலைத்தான் குத்துது. ராத்திரி பாட்டைச் சத்தமா வெச்சா ஊரே தூங்காது. மலையில சத்தம் எவ்ளோ தூரம் போகும்னு கீழ இருக்கிறவங்களுக்குத் தெரியாது.

எங்களை மலையாளின்னு சொல்வாங்க, கேரளாக்காரங்கன்னு நினைச்சுக்கறவங்க உண்டு. மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம். எங்க பேச்சு தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோம்னு எங்க பெரியவங்க பரம்பரையாச் சொல்லிட்டு வர்றாங்க. இதை எதுக்குச் சொல்றேன்னா, நீங்க தேடிப் போறது ஒரு வீட்டை. லாட்ஜ் இல்ல. போய் நின்னதும் "ரூம் இருக்கா"ன்னு கேக்காதீங்க. ஊருக்குள்ள போய்ப் பெரியவங்க யார்கிட்டயாவது "புளி வாங்க வந்துட்டிருந்த ஆம்பூர்க்காரர் பையன்"னு சொல்லுங்க. பேர் பாதி தெரிஞ்சாப் போதும். புளி வியாபாரியை மலையில யாரும் மறக்க மாட்டாங்க. வருஷத்தில எங்க கையில மொத்தமாப் பணம் வர்ற நாள் அது.

வீடு கிடைக்காட்டி ஜமுனாமரத்தூர்ல தங்குற இடங்கள் இருக்கு. சனிக்கிழமை கூட்டம் இருக்கும், முன்னாடியே பேசிட்டு வாங்க. வெறுங்கையோட வராதீங்க. ஆம்பூர்லேர்ந்து பிரியாணியை விட நல்ல வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம் கொண்டுவாங்க. மேல அதுதான் மரியாதை.


விண்மீன்பித்தன்
05-01-2026, இரவு 11.26

காவலூர் வழியாப் போறீங்க, சனிக்கிழமை போறீங்க. இதைச் சொல்லாம இருக்க முடியல.

காவலூர்ல வைணு பாப்பு வானாய்வகம் இருக்கு. அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடிச்சவரே வானியலாளர் வைணு பாப்பு. 1968ல 38 செ.மீ. தொலைநோக்கியோட ஆரம்பிச்சது. 1972ல ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்ல யுரேனஸ் ஒரு விண்மீனை மறைச்சுக் கடந்தப்போ, அதைச் சுத்தி வளையம் இருக்குன்னு காட்டின பதிவுகள்ல காவலூர்ப் பதிவும் ஒண்ணு. 2.34 மீட்டர் பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரி 6ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது, நாளையோட 40 வருஷம். அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982லயே காலமாயிட்டார். 1988ல இங்கிருந்து கண்டுபிடிச்ச ஒரு சிறுகோளுக்கு ராமானுஜன்னு பேர் வெச்சாங்க. நம்ம வடாற்காட்டு மலையில நடந்த வேலை இதெல்லாம்.

சனிக்கிழமைகள்ல பொதுமக்களை அனுமதிப்பாங்க, நேரத்தை முன்னாடியே கேட்டுக்கிட்டுப் போங்க. உள்ளே போகாட்டியும் பரவாயில்லை. 10ஆம் தேதி தேய்பிறை, நிலா நள்ளிரவு வாக்கிலதான் எழும். அன்னிக்குத்தான் வியாழன் சூரியனுக்கு நேர் எதிர்ல வர்றார். சாயங்காலமே கிழக்கே புனர்பூசத்துக்குப் பக்கத்தில பெரிய வெளிச்சமா இருப்பார். எட்டு மணிக்குக் கார்த்திகை உச்சிக்கு வந்துடும், கிழக்கே ரோகிணி, திருவாதிரை. பதினொரு மணிக்குத் தெற்கே பாருங்க, அகத்தியர் நட்சத்திரம் நல்லா மேலே வந்திருப்பார். ஒரு வேண்டுகோள்: ஆய்வகத்துக்குப் பக்கத்தில ஹைபீம் போடாதீங்க, நின்னா விளக்கை அணைச்சுடுங்க.


நாற்கரச்சாலை
06-01-2026, காலை 6.50

டீச்சரம்மா எழுதினதைப் படிச்சேன். புளி வாங்கினவர் வீட்டைத் தேடிப் போறதுன்னா அது வேற விஷயம், நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். போயிட்டு வா தம்பி. ஆனா சனிக்கிழமை ராத்திரி தங்குறதை அக்கா வீட்டில முன்னாடியே சொல்லிடு. ஞாயித்துக்கிழமை மதியம்னு சொல்லு. அவங்க காத்துக்கிட்டு இருக்கக் கூடாது.

கரும்பை எப்படிக் கட்டப் போற? கேரியர்ல கட்டினா அடிக்கரும்பு முன்னாடி, தோகை பின்னாடி இருக்கணும். மாத்திக் கட்டினா காத்துல தோகை கிழிஞ்சு, போய்ச் சேரும்போது துடைப்பம் மாதிரி ஆயிடும். தோகையை ஈரச் சாக்கில சுத்து. பின்னாடி நீட்டிட்டு இருக்கிறதுல சிவப்புத் துணி கட்டு.


போளூர்க்காரி
06-01-2026, காலை 11.15

எங்க பக்கம் இறங்கி வருவீங்க, சந்தோஷம். ஜமுனாமரத்தூர்லேர்ந்து போளூர் 40 கி.மீ.க்கு மேல. காலையில ஒன்பதுக்கு மேல கிளம்பினா வெயில் வந்திருக்கும், வளைவு நல்லாத் தெரியும். பஸ்ஸுக்கு வழி விடுங்க, அந்த டிரைவர்களுக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். போளூர்லேர்ந்து திருவண்ணாமலைக்கு நல்ல ரோடு, முக்கால் மணி நேரத்திலேர்ந்து ஒரு மணி நேரம்.


பாலாற்றங்கரை
12-01-2026, இரவு 8.40

போயிட்டு வந்துட்டோம். எழுதுறேன்னு மனசுக்குள்ளயே சொல்லி வெச்சிருந்தேன், எழுதிடுறேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கிளம்புறதா இருந்தது, மஞ்சள் கொத்து வர லேட்டாகி ஒரு மணி ஆயிடுச்சு. கரும்பு நாற்கரச்சாலை அண்ணன் சொன்ன மாதிரியே கட்டினோம். ஆலங்காயத்தில பெட்ரோல், டயருக்குக் காத்து, டீ. அதுவரைக்கும் வெயில் முதுகைச் சுட்டுச்சு. காவலூர் ஏறினதும் காத்தே வேற. ஜன்னல்ல கையை நீட்டினவன் சட்டுனு இழுத்துக்கிட்டான்.

பாய் சொன்னது அப்படியே நடந்துச்சு. ஏத்தம் முழுக்க நான்தான் ஓட்டினேன். மேல சமமா ஒரு நீட்டு ரோடு வந்ததும் "கொஞ்ச தூரம் கொடுடா, அப்பா வந்த ரோட்டில நானும் ஓட்டிக்கிறேன்"னு கேட்டான். கொடுத்தேன், அது என் தப்பு. ரெண்டு கிலோமீட்டர் ஒழுங்காத்தான் ஓட்டினான். ஒரு வளைவுல எதிர்ல பைக் லைட் தெரிஞ்சதும் வண்டி வலது பக்கம் போயிடுச்சு. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுத்தேன். பைக்கில வந்தவர் மண்ணுல இறங்கி நின்னுட்டார். அவர் மேல படல, அவருக்கு ஒண்ணும் ஆகல. பின்னாடி ஒரு குழந்தை உக்காந்திருந்துச்சு. என் கூட்டாளி இறங்கிப் போய் அவர் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டான். கை நடுங்கிட்டு இருந்துச்சு. அவர் எதுவும் திட்டல, "பாத்துப் போங்க சாமி"ன்னுட்டுப் போயிட்டார். வெளிநாட்டிலேர்ந்து வந்தவங்க யாராவது இதைப் படிச்சா, மலையில முதல் வாரம் ஸ்டியரிங்கைத் தொடாதீங்க. கெஞ்சிக் கேட்டுக்கறேன்.

அஞ்சே முக்காலுக்கு அந்த ஊர். பேரை இங்க எழுதல, அவங்க வீட்டுக்குக் கூட்டம் போறதை நான் விரும்பல. டீச்சர் சொன்னபடியே ஒரு பெரியவர்கிட்ட போய் நின்னோம். "ஆம்பூர்ல இருந்து புளி..."ன்னு இவன் ஆரம்பிக்கும்போதே அவர் கரும்புக் கட்டை நிமிர்ந்து பார்த்துட்டு, "புளிக்காரர் மகனா?"ன்னார். முன்னாடி நடந்தார். நாங்க பின்னாடியே ஆம்னியை மெதுவா உருட்டிட்டுப் போனோம்.

வீட்டில ஒரு பாட்டி, அவங்க பையன், மருமகள், ரெண்டு பசங்க. பாட்டி திண்ணையில மொச்சை உரிச்சுட்டு இருந்தாங்க. இவனைப் பார்த்ததும் முதல்ல கேட்டது, "அப்பா வரலியா?" அஞ்சு வருஷமா யாரும் அவங்களுக்குச் சொல்லல. இவன் உக்காந்து, கொரோனாவுல தவறினதைச் சொன்னான். தன்னாலயும் அப்போ வர முடியலைன்னு சொன்னான். பாட்டி முறத்தைத் தள்ளி வெச்சுட்டு, புடவைத் தலைப்பை வாயில வெச்சு அழுதாங்க. ஊருக்குள்ள சாவு சொல்லாம போனது மாதிரி எனக்கே நெஞ்சை அடைச்சது. வெற்றிலை பாக்கை எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரியாம கையிலயே வெச்சுட்டு நின்னேன்.

ராத்திரிச் சாப்பாடு சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, கொள்ளு ரசம். அடுப்புப் பக்கத்தில உக்கார வெச்சுத்தான் போட்டாங்க. குளிர் எப்படின்னு கேட்டவங்களுக்கு: வாசல்ல வெச்ச சொம்புத் தண்ணியைக் கையில எடுக்க முடியல. கீழே போட்டுக்கற ஸ்வெட்டர் பத்தாது. காதை மூடணும், காலுக்கு சாக்ஸ் வேணும். தரையிலிருந்துதான் குளிர் ஏறுது, அதனால பாய்க்கு அடியில சாக்கு விரிச்சாங்க.

படுக்கப் போறப்போ பையன் பரண் மேலேர்ந்து ஒரு துணி மூட்டையை இறக்கினார். நொச்சி இலை வாசனை. உள்ளே ஒரு கறுப்புக் கம்பளி, ஓரத்தில சிவப்புக் கோடு. "அப்பா வருஷத்துக்கு ஒரு நாள் போத்திக்கிறது, இங்கேயே வெச்சுட்டுப் போவாரு"ன்னார். என் கூட்டாளி அதை விளக்குக் கிட்ட கொண்டுபோய்ப் பிரிச்சுப் பார்த்தான். நடுவுல பீடி பட்டு ஒரு ஓட்டை, கட்டைவிரல் அளவு. அதைப் பச்சை நூல்ல குறுக்கும் நெடுக்கும் தைச்சு அடைச்சிருந்தது. கடைசியில முடிச்சுப் போடாம நூலை மூணு தடவை ஒரே இடத்தில குத்தி இழுத்து விட்டிருந்தது. "எங்கம்மா தையல்டா இது. என் ஸ்கூல் டிராயரெல்லாம் இப்படித்தான் தைப்பாங்க"ன்னான். வேற எதுவும் பேசல. அதைப் போத்திக்கிட்டு வெளிய போயிட்டான்.

நானும் போனேன். ஆம்னி பக்கத்தில நின்னுட்டிருந்தான். தெரு விளக்கு ஒண்ணு தூரத்தில. விண்மீன்பித்தன் சொன்ன வியாழனைத் தேடவே வேண்டியதில்லை, கிழக்கே அப்படி ஒரு வெளிச்சம். கார்த்திகை தலைக்கு மேல. நான் எண்ணினப்போ ஆறு, அவன் எண்ணினப்போ ஏழு. பதினொரு மணி வரைக்கும் நின்னோம், தெற்கே மலை விளிம்புக்கு மேல அகத்தியர் தெரிஞ்சார். தோஹாவில வெளிச்சத்தில எதுவுமே தெரியாதுன்னான். அப்பா செத்த செய்தி வந்த ராத்திரி லேபர் கேம்ப் மொட்டை மாடியில விடிய விடிய நின்னதையும், யார்கிட்டயும் சொல்லாத இன்னும் சிலதையும் அங்க வெச்சுத்தான் சொன்னான். அதெல்லாம் அவனோடது, எழுத மாட்டேன். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாப்பிலிருந்து ஒண்ணாப் படிச்சவங்க. இவ்ளோ வருஷத்தில இவ்ளோ நேரம் பேசினது அன்னிக்குத்தான்.

காலையில பனி. பத்தடி தள்ளி நிக்கிற மாடு தெரியல, மணிச் சத்தம் மட்டும் வந்துச்சு. தோகை மேல சுத்தின சாக்கு பிழியற அளவுக்கு நனைஞ்சிருந்தது, ஈரம் தெளிக்கிற வேலையே இல்லாம போச்சு. ஒன்பதே காலுக்குக் கிளம்பினோம். அதுக்கு முன்னாடி பையன் புளிய மரங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினார். காய் நல்லாப் பிடிச்சிருக்கு. "மாசியில வந்து பாருங்க"ன்னார்.

கட்டுலேர்ந்து ரெண்டு கரும்பு உருவி அங்க கொடுத்துட்டு வந்தோம். பாட்டி ஒரு மூட்டை மொச்சை, ஒரு பாட்டில் தேன் கொடுத்தாங்க, அக்காவுக்குன்னு சொல்லி. ரெண்டாவது கியர்ல இறங்கி, ஒரு இடத்தில வண்டியை ஆற விட்டு, மதியம் ஒண்ணரைக்குத் திருவண்ணாமலை. அக்கா வாசல்லயே நின்னாங்க. கரும்பைப் பார்த்தாங்க, அப்புறம் தம்பி தோள்ல இருந்த கம்பளியைப் பார்த்தாங்க. அந்தக் கம்பளியைப் பாட்டி கொடுத்தனுப்பிச்சுட்டாங்கன்னு சொல்ல மறந்துட்டேன்.


சாமைக்கஞ்சி
12-01-2026, இரவு 9.55

ஊர்ப் பேரை எழுதாம விட்டீங்களே, அதுக்கு நன்றி. எந்த ஊர்னு எனக்குப் புரிஞ்ச மாதிரி இருக்கு, நானும் சொல்ல மாட்டேன். பாட்டிக்கு இப்பவாவது தெரிஞ்சுதே. எங்க வழக்கத்தில வருஷா வருஷம் வந்தவர் வராம நின்னுட்டா, என்ன தப்பு பண்ணோம்னு நினைச்சுக்கிட்டே இருப்பாங்க. அந்தக் குறை அவங்க மனசிலிருந்து இறங்கியிருக்கும்.


நாற்கரச்சாலை
13-01-2026, காலை 6.35

ரெண்டு தடவை படிச்சேன். எங்கப்பாவும் வரிசை கொண்டுபோனவர்தான், சைக்கிள்ல. அவர் எந்த வழியாப் போனார், எங்க நின்னு தண்ணி குடிச்சார்னு ஒரு நாளும் கேட்டதில்லை. கேக்க இப்ப ஆளில்லை. அத்தை ஒருத்தங்க ஆரணியில இருக்காங்க, பொங்கலுக்குப் போய்க் கேக்கப் போறேன்.


மெக்கானிக் பாய்
13-01-2026, பகல் 2.10

பைக்கில வந்த குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே, அதுக்கு மேல வேற என்ன வேணும். ஞாயித்துக்கிழமை வண்டியைக் கொண்டுவாங்க, இறக்கத்தில ஓடினதால பின் டிரம்மைத் திறந்து பாத்துடலாம்.


பாலாற்றங்கரை
13-01-2026, இரவு 7.30

கொண்டுவரேன் பாய். கூட்டாளி 25ஆம் தேதி கிளம்புறான். போறதுக்கு முன்னாடி அச்சாரப் பணத்தை என் கையில கொடுத்துட்டான், மூணு மரத்துக்கு. வித்து வர்றதை அம்மாகிட்ட கொடுக்கச் சொல்லியிருக்கான். மாசிக் கடைசியில நான் தனியாத்தான் போகணும். புளி மூட்டை ஏழெட்டு வரும்னு நினைக்கிறேன். ஆம்னியில அவ்ளோ ஏத்தி ஆலங்காயம் பக்கமே இறங்கலாமா, இல்ல ரெண்டு நடையா எடுக்கலாமா?


மெக்கானிக் பாய்
13-01-2026, இரவு 8.05

மூட்டை என்ன எடைன்னு முதல்ல கேளுங்க. நாலுக்கு மேல ஏத்தாதீங்க, ரெண்டு நடையா எடுங்க. நடுவுல ஒரு ராத்திரி தங்கிடுங்க.